"ரப்பாவூர்" எங்கே இருக்கிறது? போர்க்கைதியாக இருந்த தாத்தாவின் தடத்தைத் தேடும் வாசகருக்கு ஓர் ஆவணக் காப்பாளரின் பதில்

கேள்வி: என் அம்மாவைப் பெற்ற தாத்தா பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 1940-இல் பட்டாளத்தில் சேர்ந்து, சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, 1946 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். 1987-இல் காலமாகும் வரை அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் பேசியதில்லை. "ரப்பாவூரில் இருந்தேன், ஆஸ்திரேலியாக்காரன் வந்துதான் மீட்டான்" என்று ஒருமுறை சொன்னதாக அம்மாவுக்கு நினைவிருக்கிறது. மலேசிய வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், அப்படி ஓர் ஊரே இல்லை. என் பெரிய மாமாவோ தாத்தா நேதாஜி படையில் இருந்தவர் என்று அடித்துச் சொல்கிறார். வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியும், அதற்குள் ஒரு நட்சத்திரப் பதக்கமும், சீருடையில் எடுத்த ஒரு புகைப்படமும் இருக்கின்றன. பாட்டிக்கு அவர் 2004-இல் இறக்கும் வரை மாதாமாதம் ஏதோ அரசுப் பணம் வந்துகொண்டிருந்தது. மாமா சொல்வது உண்மையா, அம்மா சொல்வது உண்மையா? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அம்மா நினைவில் வைத்திருந்த அந்த ஒற்றை வாக்கியம், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகச் சொல்கிறது. "ரப்பாவூர்" மலாயாவில் இல்லை. இன்றைய பாப்புவா நியூ கினி நாட்டில், நியூ பிரிட்டன் தீவின் வடகிழக்கு முனையில் உள்ள ரபவுல் என்ற துறைமுக நகரமாகவே அது இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 1942 ஜனவரியில் ஜப்பானியர் அதைக் கைப்பற்றித் தென் பசிபிக்கில் தங்களின் மிகப் பெரிய தளமாக்கினார்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் கூலி வேலைக்காக அந்தத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1945 செப்டம்பர் 6 அன்று 'குளோரி' என்ற போர்க்கப்பலின் தளத்தில் ஜப்பானியத் தளபதி இமாமுரா, ஆஸ்திரேலியத் தளபதி ஸ்டர்டியிடம் சரணடைந்தார். நான்கு நாள் கழித்து ஆஸ்திரேலியப் படை ரபவுலில் கரையிறங்கியது. சிங்கப்பூரிலேயே கடைசிவரை கைதியாக இருந்தவர் என்றால் அவரை மீட்க வந்தவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையினராக இருந்திருப்பார்கள். "ஆஸ்திரேலியாக்காரன்" என்று சொல்ல அவருக்குக் காரணம் இருந்திராது. ஆகவே ஊர்ப்பெயரும் மீட்டவர் பெயரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆனாலும் இது இப்போதைக்கு ஊகம்தான்; ஆவணம் கிடைக்கும் வரை அதை ஊகமாகவே வைத்திருங்கள்.

மாமாவா, அம்மாவா என்ற கேள்விக்கு வருகிறேன். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும் என்பதைக் காலவரிசை காட்டுகிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. 17-ஆம் தேதி இந்தியச் சிப்பாய்கள் மட்டும் பிரிக்கப்பட்டு ஃபாரர் பார்க் மைதானத்தில் திரட்டப்பட்டார்கள். அங்கே அவர்களை ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார்; பிறகு கேப்டன் மோகன் சிங் பேசி இந்திய தேசிய இராணுவத்தில் சேர அழைத்தார். சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அந்த முதல் இராணுவம் நீடிக்கவில்லை. ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கில் 1942 டிசம்பரில் மோகன் சிங் கைது செய்யப்பட்டார், படையும் கலைக்கப்பட்டது. சேர்ந்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் சேர மறுத்துப் பழையபடி கைதிகளானார்கள். அப்படிப்பட்டவர்களையும், முதலிலிருந்தே மறுத்தவர்களையும் ஜப்பானியர் நியூ கினி, நியூ பிரிட்டன் பக்கம் அனுப்பினார்கள். சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து தலைமை ஏற்றது 1943 ஜூலையில்தான். ஆகவே உங்கள் தாத்தா 1942-இல் சில மாதங்கள் மோகன் சிங்கின் படையில் இருந்து, பிறகு விலகி, ரபவுலுக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். அப்படியானால் "நேதாஜி படை" என்று மாமா சொல்வது படையைப் பொறுத்தவரை சரி, தலைவரைப் பொறுத்தவரை தவறு. அவர் எந்தக் காலத்திலும் அதில் சேராமலும் இருந்திருக்கலாம். 1945 நவம்பரில் அந்த இராணுவத்தின் அதிகாரிகள் மீது டெல்லி செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபின் நாடெங்கும் அந்தப் படைக்குக் கிடைத்த மரியாதையில், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய எவரையும் ஊர் "நேதாஜி ஆள்" என்று அழைத்தது. பல குடும்பங்களில் இதை நான் பார்த்திருக்கிறேன். மாமாவோடு இப்போதே வாதாட வேண்டாம். அவர் யாரிடம், எப்போது இதைக் கேட்டார் என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தேடலை ஆளிடமிருந்து தொடங்காமல் படைப்பிரிவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் முதன்மையான ஆலோசனை. தனி ஒரு சிப்பாயைப் பற்றிய காகிதம் அரிது. அவர் இருந்த கம்பெனியைப் பற்றிய காகிதம் பல நாடுகளில் கிடைக்கும். படைப்பிரிவைச் சொல்லக்கூடிய பொருள் உங்கள் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது. அந்த ஆறுமுனை வெண்கல நட்சத்திரத்தின் நடுவில், அரசரின் முத்திரையைச் சுற்றி வட்டமாக ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதில் 'பசிபிக்' என்றிருந்தால் மலாயா, சிங்கப்பூர் போர்முனை என்று பொருள். 'பர்மா', 'ஆப்பிரிக்கா' என்றிருந்தால் கதையே வேறு. பிரிட்டிஷ் வீரர்களுக்கு இந்த நட்சத்திரங்கள் பெயர் பொறிக்காமல் கொடுக்கப்பட்டன. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றிலோ எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். எனவே தயவுசெய்து அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள். சாய்வான வெளிச்சத்தில் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து படத்தில் தெரியும். சீருடைப் படத்தில் தோள்பட்டையில் உள்ள உலோக எழுத்துகளையும் தொப்பிச் சின்னத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். புகைப்படத்தின் பின்புறம், பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், பெட்டியின் அடியில் ஒட்டிய காகிதம் எதையும் விட்டுவிட வேண்டாம். பட்டாளத்துக்காரர்கள் தங்கள் எண்ணைப் பெட்டியிலும் எழுதி வைப்பார்கள்.

வட ஆர்க்காட்டுக்காரர் என்பதால் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் இன்றும் சொல்லும் பொறியாளர் படையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்களே உண்டு. ஆனால் வாகனம், உணவு வழங்கும் பிரிவு, தந்திப் பிரிவு, மருத்துவப் பிரிவு என்று மற்றவற்றிலும் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள். பிரிவு தெரிந்துவிட்டால் எந்த ஆவண அலுவலகத்துக்கு எழுதுவது என்பதும் தெரிந்துவிடும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் குழுவின் ஆவண அலுவலகம். உணவு, போக்குவரத்துப் பிரிவு என்றால் அதே பெங்களூரில் உள்ள ஏ.எஸ்.சி. தெற்கு ஆவண அலுவலகம். சிக்னல்ஸ் எனப்படும் தந்திப் பிரிவு என்றால் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு.

இந்த அலுவலகங்களுக்கு எழுதும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிப்பாய் ஒருவரின் பணிக்கோப்பை அங்கே 'ஷீட் ரோல்' என்பார்கள். ஓய்வூதியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவரின் ஷீட் ரோல் 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்படுவது விதி. போர் முடிந்ததும் விடுவிக்கப்பட்ட இலட்சக்கணக்கானவர்களின் கோப்புகள் அப்படித்தான் போயின. வாரிசுகள் பலர் "ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது" என்ற இரண்டு வரிப் பதிலைப் பெற்றுக்கொண்டு அத்தோடு நின்றுவிடுகிறார்கள். கோப்பு அழிந்தாலும் 'லாங் ரோல்' என்ற பெரும்பதிவேடு வைக்கப்பட்டிருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு வரி என்ற அளவில் எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், விடுபட்ட காரணம் போன்றவை அதில் இருக்கும். எனவே உங்கள் விண்ணப்பத்தில் "பணி விவரம்" என்று பொதுவாகக் கேட்காமல், "ஷீட் ரோல் இல்லையெனில் லாங் ரோல் பதிவின் நகல்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உறவை நிறுவும் சான்றுகளை இணையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மறுபடியும் கேட்கலாம். ஆனால் முதல் கடிதமே மனுவாக இருப்பதைவிட வேண்டுகோளாக இருப்பது நல்லது என்பது என் அனுபவம். பழைய பதிவேட்டைத் தேடி எடுப்பவர் மனம் வைத்துத் தேட வேண்டிய வேலை அது.

பாட்டிக்கு வந்த மாதப் பணத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் மாமாவுக்கும் அம்மாவுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லக்கூடிய காகிதம் என்று தோன்றுகிறது. வேறு இராணுவ ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் தமிழ்நாடு அரசு மாத நிதியுதவி வழங்கிவந்திருக்கிறது. அது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வருவது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களுக்கு உரியது தியாகிகள் ஓய்வூதியம். மத்திய அரசு அதை 1972-இல் தொடங்கியது, மாநில அரசின் திட்டமும் உண்டு. அந்தக் கோப்புகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சார்ந்தவை. பாட்டியின் பழைய வங்கிப் புத்தகமோ மணியார்டர் துண்டோ கிடைத்தால் பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்று தெரியும். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வந்த பணம் என்றால், விண்ணப்பத்தோடு தாத்தாவின் டிஸ்சார்ஜ் சான்றின் நகலை இணைத்திருக்கலாம். அந்த நகல் கோப்பில் இருக்கக்கூடும். தியாகிகள் ஓய்வூதியம் வரவில்லை என்று தெரிந்தால் மட்டும் அவசரப்பட்டு மாமாவை மறுத்துவிட வேண்டாம். தகுதி இருந்தும் சான்று காட்ட முடியாமலோ, கேட்கவே விரும்பாமலோ விட்டவர்கள் உண்டு.

படைப்பிரிவு தெரிந்தபின் செய்ய வேண்டிய வேலை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உயிரோடு திரும்பியவரின் குடும்பங்கள் இதைச் செய்வதே இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், போரில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் முழுவதையும் இலவசமாகத் தேடலாம். உங்கள் தாத்தா இறக்கவில்லை, ஆகவே அவர் பெயர் அங்கே இருக்காது. ஆனால் அவருடைய கம்பெனியில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கும். அந்தப் பிரிவை மட்டும் பிரித்தெடுத்து, 1942 பிப்ரவரி 15-க்குப் பிந்தைய மரணங்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட பிரிவாக இருந்தால் அந்தத் தேதிக்குப் பின் வரும் மரணங்கள் பெரும்பாலும் சிறைக்காலத்தில் நிகழ்ந்தவை. அவர்கள் எந்தக் கல்லறையில், எந்த நினைவுச் சின்னத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: சிங்கப்பூரின் கிராஞ்சியா, ரபவுலுக்கு அருகே பிட்டா பாக்காவா, நியூ கினியின் லேயா, போர்னியோவுக்கு அருகே லபுவானா? இறந்தவர்கள் கிடக்கும் இடங்களை வைத்து உயிரோடு இருந்தவர்கள் போன பாதையை ஓரளவு வரைந்துவிடலாம். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது. கிராஞ்சியில் அவர்களுக்கெனத் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். பல பெயர்களுக்குக் கீழே "இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆர்க்காடு" என்று எழுதியிருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் ஒன்று தென்பட்டால் பேருந்து ஏறிப் போய் வாருங்கள். அங்கே ஒரு வீட்டில் உங்கள் தாத்தாவும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் மாட்டியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பெயரைத் தேடும்போது தமிழ் எழுத்தை மறந்துவிட வேண்டும். படை எழுத்தர் தன் காதுக்குக் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினார். ஏழுமலை என்ற பெயர் ஏலுமலை, எல்லுமலை, யெழுமலாய் என்று மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக வரும். தகப்பனார் பெயர் முன்னொட்டாகவும் வரும், பின்னொட்டாகவும் வரும். எண் ஒன்றுதான் மாறாதது. எண் கிடைத்தபின் பெயரை இரண்டாம் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

ரபவுல் ஊகம் வலுப்பட்டால் உங்களுக்கு அதிகம் உதவப்போவது இலண்டனோ டெல்லியோ அல்ல, ஆஸ்திரேலியா. கன்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் மீட்கப்பட்ட இந்தியக் கைதிகளின் புகைப்படங்கள் உள்ளன. அவற்றை இணையத்தில் பார்க்கலாம். அங்கே இருந்த ஆஸ்திரேலியப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளும் எண்மப்படுத்தப்பட்டிருக்கின்றன. அதைவிட முக்கியமானவை போர்க்குற்ற விசாரணைக் கோப்புகள். ஆஸ்திரேலியா நடத்திய 300 விசாரணைகளில் 188 ரபவுலிலேயே நடந்தன. அவற்றில் பலவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியரும் சீனரும். அந்தக் கோப்புகள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ471 என்ற வரிசையில் உள்ளன. இந்தியச் சிப்பாய்கள் கொடுத்த வாக்குமூலங்களில் அவர்களின் எண், பிரிவு, வேலை செய்த இடம், அடித்தவர் பெயர், பட்டினி, கூட இருந்து இறந்தவர் பெயர் என்றெல்லாம் வரும். உங்கள் தாத்தாவே சாட்சி சொல்லாவிட்டாலும் அவரோடு இருந்தவர் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கோப்புகளைப் படிக்கும்போது உங்கள் குடும்பச் சச்சரவின் எதிரொலி ஒன்று காதில் விழும். இந்தியர்கள் போர்க்கைதிகளே அல்லர், தாமாக முன்வந்து ஜப்பானியப் படையோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் என்று ஜப்பானியத் தரப்பில் வாதிட்டார்கள். கைதிகள் என்றால்தான் அவர்களைக் கொடுமைப்படுத்தியது போர்க்குற்றமாகும். ஆகவே ஃபாரர் பார்க்கில் யார் என்ன சொன்னார், எந்த நிர்ப்பந்தத்தில் கப்பலேறினார் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டன. தளபதி இமாமுராவே தன் கீழிருந்தவர்களைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காக 1947-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

சில கதவுகளை இப்போதைக்குத் தட்ட வேண்டாம். இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 345 என்ற ஜப்பானியக் கைதி அட்டைகளைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். இந்தியச் சிப்பாய் ஒருவரைத் தேட அது நல்ல தொடக்கம் அன்று. ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவைச் சங்கக் காப்பகத்துக்கு எழுதலாம், ஆனால் ஆண்டில் சில நாள்களில் மட்டுமே விண்ணப்பம் திறக்கும், எண்ணிக்கை நிரம்பியதும் மூடிவிடும். மேலும் 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஜப்பான் அதை உறுதிசெய்யவில்லை. கைதிகளைப் பற்றி அது வெளியே கொடுத்த தகவல் சொற்பம். பதக்கத்தில் 'ஆப்பிரிக்கா' என்று இருந்து, அவர் இத்தாலியரிடமோ ஜெர்மானியரிடமோ பிடிபட்டவர் என்று தெரியவந்தால், அப்போது ஜெனீவாவே முதலிடம் பெறும். ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் ரயில் பாதையின் பட்டியல்களிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். அங்கே மாண்ட தமிழர்கள் பெரும்பாலும் மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள், போர்க்கைதிகள் அல்லர்.

டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை மாமாவின் கூற்றைச் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள். இந்திய தேசிய இராணுவம் தொடர்பான 990 கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-இல் அங்கே ஒப்படைத்தது. காப்பகத்தின் 'அபிலேக் படல்' என்ற இணையதளத்தில் பலவற்றைப் பார்க்கலாம். இங்கே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த கைதிகளை பிரிட்டிஷ் உளவுத்துறையினர் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். விசுவாசம் மாறாதவர் என்று கருதப்பட்டவர் வெள்ளை, தவறாக வழிநடத்தப்பட்டவர் சாம்பல், மனமுவந்து எதிர்ப்பக்கம் சேர்ந்தவர் கறுப்பு. கறுப்பு என்று முடிவானவர் சிறைக்காலச் சம்பளத்தை இழந்து வெளியேற்றப்பட்டார். உங்கள் தாத்தாவின் பெயருக்கு எதிரே இவற்றில் எது இருந்தாலும், அது விசாரித்த அதிகாரி ஒருவர் ஒருநாள் எடுத்த முடிவு. தான் தப்பித்துக்கொள்வதற்காகத் தாத்தா சொன்னதும் அதில் இருக்கும், நண்பனைக் காக்க மறைத்ததும் இருக்கும். அதைத் தாத்தாவின் மனச்சாட்சியின் பதிவாக எடுத்துக்கொள்ள நான் அனுமதிக்க மாட்டேன்.

காகிதங்கள் காத்திருக்கும், அம்மாவின் நினைவு காத்திருக்காது. எனவே அலுவலகங்களுக்கு எழுதிவிட்டு, பதில் வரும் வரை அவரோடு உட்காருங்கள். "போரில் என்ன நடந்தது" என்று கேட்டால் "ஒன்றும் சொல்லவில்லை" என்றுதான் பதில் வரும். அன்றாட விஷயங்களைக் கேளுங்கள். தாத்தா எதைச் சாப்பிட மறுத்தார்? மரவள்ளியையோ சர்க்கரைவள்ளியையோ கண்டால் எழுந்து போய்விடுவாரா? 1944-க்குப் பிறகு வெளியுலகத் தொடர்பு அறுந்த ரபவுலில் ஜப்பானியரும் கைதிகளும் கிழங்குத் தோட்டம் போட்டுத்தான் உயிர் வாழ்ந்தார்கள். குழந்தைகளோடு விளையாடும்போது "இச்சி, நீ, சான்" என்று எண்ணினாரா? காலையும் மாலையும் வரிசையில் நின்று ஜப்பானிய மொழியில் எண் சொல்லிப் பழகியவர்கள் அதைச் சாகும் வரை மறக்கவில்லை. காய்ச்சல் அடிக்கடி வருமா, விமானச் சத்தத்துக்குத் திடுக்கிடுவாரா, யாருடைய கடிதத்தையாவது பத்திரப்படுத்தினாரா? அம்மா பேசும்போது குறுக்கிடாமல் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மாமாவைத் தனியாக, வேறொரு நாளில் கேளுங்கள். இருவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது அவர்களின் சண்டைதான்.

பதக்கத்தின் பின்புறப் படத்தையும் தோள்பட்டை எழுத்துகளின் படத்தையும் எனக்கு அனுப்பினால் பிரிவைக் கண்டுபிடிக்க உதவுகிறேன். பெங்களூருக்கு எழுதும் கடிதத்தில் தாத்தாவின் தகப்பனார் பெயரையும், ஊரின் அன்றைய தாலுகா பெயரையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள். மாவட்டம் பலமுறை பிரிந்துவிட்டது. 1940-இல் எழுதப்பட்ட பதிவேட்டில் இன்றைய மாவட்டப் பெயரை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.